வயிற்றில் ஒன்று, முகத்தில் ஒன்று

நிர்மலா ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் கல், கையில் சின்ன இரும்புச் சுத்தி. முதல் தட்டில் பழம் வாய் பிளக்கும், இரண்டாம் தட்டில் கொட்டை தெறித்து வெளியே வரும். கலியாணமாகி மொரப்பூர் பக்கத்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். டக் டக், அடுத்த பழம். டக் டக், அடுத்தது. பேச்சு எங்கே போனாலும் கை அதை விடாது.

அன்றைக்குப் பேச்சு வண்டியைப் பற்றி. அரூர் புளி மண்டிக்காரர் பச்சியப்பன் அவளை மேஸ்திரியாக வரச் சொல்லியிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மண்டி திறக்கிற நேரத்துக்கு இங்கிருந்து பஸ் கிடையாது. வீட்டு மொபெட்டோ பகலெல்லாம் கொட்டகையில் சும்மா நிற்கிறது; அவள் கணவன் பூவரசன் வேலை பார்க்கும் ரைஸ் மில் கூப்பிடு தூரம். பிறந்த வீட்டில், தீர்த்தமலை ஏற்ற இறக்கத்தில் பால் கேன் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டியவள் நிர்மலா. இங்கே வந்த பிறகு பின் சீட்டுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டிருந்தாள்.

"ரோட்ல லாரி எப்படிப் போவுதுன்னு தெரியுமா உனக்கு?" என்றான் பூவரசன், தலை நிமிராமல்.

அவன் கையில் உள்ளங்கை அளவு வீடியோ கேம் பெட்டி. மகள் பாரதி திருவிழாக் கடையில் தனக்கென்று வாங்கியது. வாங்கிய அன்றைக்கே அப்பாவிடம் போனது, இன்னும் திரும்பவில்லை.

"நான் கேக்கறதவுட அதுல அப்படி என்னதாங்க இருக்குது?" என்றாள் நிர்மலா.

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இங்க பாரு, குத்துச்சண்ட. இவன் நம்மாளு, அவன் எதிராளி. இந்தப் பட்டன் மூஞ்சிக்கு, ரெண்டு பாயிண்ட். இது வயித்துக்கு, ஒரு பாயிண்ட். வயித்துல எவ்ளோ குத்துனாலும் வுழமாட்டான். மூஞ்சில வாங்குனாத்தான் வுழுவான். வுழுந்தா அஞ்சு. எந்திரிக்கற வரைக்கும் கைய வெக்கக்கூடாது, வெச்சா ரெஃப்ரி விசில் அடிச்சு அஞ்சு புடிச்சுக்குவான். மூணு ரவுண்டு. என் ரெக்கார்டு முப்பத்தெட்டு."

"நானும் ஆடறேன். முப்பத்தெட்டத் தாண்டிட்டா வண்டி எனக்கு."

பூவரசன் சிரித்தான். "மூணு தடவ ஆடிக்க. பாரதி, நீயே சாட்சி."

"ஆகட்டும்ப்பா. அப்புறம் பேச்சு மாறக்கூடாது," என்று வந்து உட்கார்ந்தாள் பாரதி.

நிர்மலா புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினாள். மூஞ்சிப் பட்டனையே பிடித்துக்கொண்டாள். எதிராளி சீக்கிரமே மல்லாந்து விழுந்தான். உடனே விசில். கிடைத்த ஐந்தும் போயிற்று. மறுபடி விழுந்தான், மறுபடி விசில். ஆட்டம் முடிந்தபோது ஒன்பது பாயிண்ட்.

"வுழுந்தவனப் போட்டு மொத்தறயே, இது என்ன மாமியா மருமவ சண்டையா?" என்றான் பூவரசன்.

"ம்மா, நீ புளி தட்டற," என்றாள் பாரதி. "ஒன்னோட நிறுத்து."

ஒன்றோடு நிறுத்திப் பார்த்தாள். நிறுத்த நினைத்தால் அந்த ஒன்றும் சரியாக விழவில்லை. கை தடுமாறியது, எதிராளி புகுந்து விளாசினான். இரண்டாவது ஆட்டம் அதைவிட மோசம். பூவரசன் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

நிர்மலா பெட்டியை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தாள். கை இரண்டு தட்டுத்தான் தட்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் முதல் தட்டும் முகத்தில்தான் விழ வேண்டும் என்று யார் சொன்னது? வயிற்றில் ஒன்று, முகத்தில் ஒன்று. வயிற்றடிக்கு அவன் விழமாட்டான். விழுந்தால் இரண்டாவதில்தான் விழுவான். அதற்கு மேல் அவள் கை தானாகவே நின்றுவிடும்.

மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கினாள். டக் டக். எதிராளி வயிற்றைப் பிடித்துக் குனிந்தான், குனிந்த முகத்தில் அடுத்தது விழுந்தது. டக் டக். விழுந்தான். விசில் இல்லை. அவன் எழுந்திருக்கும்வரை அவள் விரல் பட்டனுக்கு மேலே அசையாமல் காத்திருந்தது, அடுத்த பழத்துக்குக் காத்திருப்பதுபோல.

"ம்மா, இருபது," என்றாள் பாரதி. பூவரசன் காலை மடக்கி உட்கார்ந்தான். இரண்டாம் ரவுண்டு முடிவில் முப்பத்தொன்று. மூன்றாவதில் எதிராளி வேகமெடுத்தான். நிர்மலாவின் ஆள் மூலையில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாங்கினான்.

"தடு, தடு, கீழ இருக்கற பட்டன்," என்று பூவரசனே கத்திவிட்டான்.

அவள் தடுக்கவில்லை. டக் டக். டக் டக். பாரதி அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க, நிர்மலாவின் நெற்றி வேர்த்துக் கொட்ட, எதிராளி இன்னொரு தரம் மல்லாந்தான். மணி அடித்தது. நாற்பத்தாறு.

பாரதி ஒரே ஓட்டமாகப் போய் ஆணியிலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றி வந்து அம்மா மடியில் போட்டாள்.

"பேட்டரி எறங்கிப்போச்சு. அதான் அவன் மெதுவா ஆடறான்," என்றான் பூவரசன்.

"எறங்குன பேட்டரிலதான் நீங்க தெனமும் ஆடறீங்க," என்றாள் நிர்மலா. அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாளைக்கு விடியறப்பவே கெளம்பிருவேன். டிபன் செஞ்சு மூடி வெச்சுட்டுப் போறேன், நீங்களே எடுத்துப் போட்டுக்குவீங்கதானே?"

பூவரசன் பெட்டியை எடுத்து மறுபடி தொடங்கியிருந்தான். வயிற்றில் ஒன்று, முகத்தில் ஒன்று, அவளைப் போலவே. அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். அவன் நிமிரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நிர்மலா வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனாள்.