கடைமடைக்கு வந்த கருத்து

விசுவமடுப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில், எங்கள் வாய்க்காலின் கடைசித் துண்டு வயல் என்னுடையது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலை மலையைவிட்டு இறங்கி வந்து, ஊரார் வயலிலெல்லாம் களை பிடுங்கிய எனக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில் வாய்த்த முதல் சொந்த நெல் அது. மேல்வயல்களில் ஆறுதலாகக் குளித்து முழுகிவிட்டுத்தான் தண்ணீர் என்னிடம் வரும். வந்தவரைக்கும் சந்தோசம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடைச் சிறுபோகத்தில் நெல் குடலை கட்டி நின்ற நேரம் பார்த்துக் குளத்தைத் திருத்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து சேர்ந்தார். வந்தவர் முதல் வேலையாகக் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் குளத்துத் துருசை இறுக மூடிவிட்டார். கதிர் வெளியே தலைகாட்ட இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல், எங்களுக்கு வாய்க்கரிசி. குளத்து வேலையை மேற்பார்க்கும் ஓவசியரிடம் சொல்லிவிட்டோம். அவர் துரையிடம் சொன்னாரோ இல்லையோ, பதில் வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது சும்மாவா?

நாங்களே போய் இங்கிலீசில் கேட்பது என்று முடிவாயிற்று. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வைக்கிற விதானையாரிடம் ஓர் அகராதி இருந்தது. இங்கிலீசு முழுவதையும் படிக்க நெல் காத்திருக்காது. ஆகையால் அகராதியில் எந்த வினைச்சொல் அதிக இடம் பிடித்திருக்கிறது என்று புரட்டிப் பார்த்தார். 'கெற்' (get) என்று ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் முழுக்க அதன் கருத்துத்தான். ஒரே சொல்லில் இவ்வளவு விளைச்சல் இருக்கும்போது மற்றச் சொற்களை விதைப்பது வீண் என்றார். றிசீவ், ஒப்ரெயின், அறைவ் என்று ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்திலே மாற்றுச் சொல்லும் இருந்தது. அதையெல்லாம் தொட்டால் தலை பழுதாகும் என்று தடுத்துவிட்டார்.

பிறகுதான் பெரிய கூத்து. எங்கள் வாய்க்காலில் எது தட்டுப்பாடோ அது முறைக்குப் பங்கிடப்படும். தண்ணீர் அப்படி, உழவு மெசின் அப்படி. கெற்றும் அப்படியே பங்கிடப்பட்டது, வயலுக்கு ஒரு கருத்து, தலைமடையிலிருந்து கீழ்நோக்கி. தலைமடை விதானையாருக்கு 'பெறு'. அடுத்தவருக்கு 'எழும்பு', அதற்கடுத்தவருக்கு 'இறங்கு', நாலாம் வயல்காரருக்கு 'விளங்கு'. எனக்கு மேல்வயல் மாமிக்குக் 'கொண்டு வா' கிடைத்தது. கடைமடைக்கு மிஞ்சியது 'ஆகு'. எது ஆகு, என்ன ஆகு என்று கேட்டேன். பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்தால்தான் அது வேலை செய்யுமாம். தண்ணீரில் எனக்குச் செய்ததையே சொல்லிலும் செய்தார்கள் என்று வயிறு எரிந்தது. ஆனாலும் ஈரம், காய்தல், பசி, கோபம் எல்லாவற்றுக்கும் இங்கிலீசு கேட்டுப் பாடமாக்கினேன்.

பங்கு பிரித்ததோடு வரம்புச் சண்டையும் தொடங்கியது. நாலாம் வயல்காரர் படுத்திருந்த தன் மாட்டைப் பார்த்து 'கெற் அப்' என்று சொல்லிவிட்டார். 'எழும்பு' கிடைத்தவர் மண்வெட்டியோடு வந்து நின்று, தன்னைக் கேளாமல் எப்படிச் சொல்லலாம் என்று ஏசினார். மாடு படுத்தபடியே இரண்டு பேரையும் பார்த்து அசைபோட்டது. மாமி இன்னும் மோசம். சமையல் குசினி வாசலில் நின்று 'கெற் வாட்டர், கெற் வாட்டர்' என்று ஆட்டுக்கும் கோழிக்கும் கட்டளை போடுவார். அந்தப் பக்கம் போகும்போது நான் காதைப் பொத்திக்கொண்டு போக வேண்டும். கேட்டாலே களவாம்.

ஒரு காலை குளக்கட்டுக்குப் போனோம். எஞ்சினியர் கட்டின் மேல் ஒரு கல்லில் குந்தியிருந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாய்க்கால் முறைப்படி வரிசையில் நின்றோம். விதானையார் முன்னால் வந்து, நெஞ்சில் கைவைத்து, 'வீ கெற்' என்றார். சொல்லிவிட்டுத் தன் பங்கு முடிந்ததென்று ஒதுங்கினார். இரண்டாமவர் 'கெற் அப்' என்றார். துரை திடுக்கிட்டு எழும்பினார். மூன்றாமவர் 'கெற் டவுன்' என்றார். மனிதர் பாவம், கட்டைவிட்டுக் கீழே இறங்கி நின்றார். நாலாமவர் அவரை எட்டிப் பார்த்து, 'யூ கெற்?' என்று கேட்டார். துரை பலமாகத் தலையாட்டி இல்லை என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அடுத்த முறை மாமியுடையது. ஆட்டையும் கோழியையும் அதட்டிய வாய் அங்கே திறக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், ஜீப்பைப் பார்த்தேன். முறையாவது மண்ணாவது என்று ஓடினேன். கையோடு பிடுங்கிக் கொண்டுபோன நெற்பயிரைத் துரையின் முகத்துக்கு நேரே பிடித்துத் தண்டை நகத்தால் கிழித்தேன். உள்ளே பால்நிறத்தில் சின்னக் கதிர் கிடந்தது. "வீ நோ கெற் வாட்டர். திஸ் கெற் டிறை. சில்றன் கெற் ஹங்கிறி. யூ கெற் வாட்டர்!" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது, அதற்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. துரை அந்தக் கதிரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓவசியரைக் கூப்பிட்டு என்னவோ சத்தம் போட்டார். ஒரு முறைத் தண்ணீருக்குத் துருசு திறக்க உத்தரவாயிற்று.

என்னைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும், இல்லையா? அன்று பின்னேரமே கூட்டம் வைத்தார்கள். முறைப்பாடு வைத்தது மாமிதான். தன் 'கொண்டு வா'வை எல்லார் முன்னாலும் நான் எடுத்துப் பாவித்தேனாம். அதைக் கேட்டதும் விதானையாருக்கும் தன் 'பெறு' நினைவுக்கு வந்தது. நான் எழும்பி, "எனக்குப் பயிருதாங்க பெருசு, உங்க சொல்லு இல்லைங்க" என்றேன். அது எடுபடவில்லை. முறை பிழைத்தவருக்கு அந்த முறைத் தண்ணீர் இல்லை என்பது வாய்க்கால் சட்டம், சொல்லுக்கும் அதேதான் என்று தீர்த்தார்கள். தீர்ப்புச் சொல்லும்போது விதானையார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் எனக்கே பங்கில்லை! வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வீடு வரைக்கும் அத்தனை பேரின் பரம்பரையையும் திட்டிக்கொண்டே போனேன்.

தண்ணீர் வந்தது. என் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையை மண் போட்டு அடைத்து, தண்டத்துக்கு அடையாளமாக மேலே தென்னோலையும் குத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வயலாக நிறைவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் இருந்தேன். என் நெல் நுனி கருகி நின்றது. பெற்ற பிள்ளை பசியில் கிடக்கப் பக்கத்து வீட்டுப் பந்தியைப் பார்த்திருக்கிற மாதிரி இருந்தது. எழும்பிப் போகவும் மனம் வரவில்லை.

அப்போது கால் நனைந்தது. திரும்பிப் பார்த்தால், மாமியின் வயலுக்கும் எனக்கும் பொதுவான வரம்பில் பெரிய உடைப்பு. தண்ணீர் குபுகுபுவென்று என் நெல்லுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னர் அவரே சொன்னார்:

"நண்டு வளை பிள்ளை. தண்டம் தண்டம்தான், அதிலை மாற்றமில்லை. ஆனால் நண்டுக்கு ஆர் சட்டம் போட்டது?"