கொன்றைப்பாக்கம் கட்டிய கோபால்சாமி

கோபால்சாமி மேசையில் சிந்திய டீயைத் துடைப்பதில்லை. ஆள்காட்டி விரலால் நீளமாக இழுத்து இரண்டு கோடாக்குவார். "இது போற லைனு, இது வர்ற லைனு." கோடுகளின் இருபுறமும் வர்க்கியை வரிசையாக அடுக்கினால் இரண்டு பிளாட்பாரம். தீப்பெட்டிதான் டிக்கெட் கொடுக்கும் அறை. குறுக்கே வைத்த பீடிக்கட்டு மேம்பாலம். டீ குடிக்க வந்தவர் பிளாட்பாரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது. "இரு இரு, இன்னும் ஆளுங்க எறங்கல."

ஜவ்வாது மலையில் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது அவர் டீக்கடை. ரயில் சத்தம் கேட்க வேண்டுமென்றால்கூட மலையை விட்டு இறங்கி வெகுதூரம் போகவேண்டும். ஆனால் மதராஸுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கொன்றைப்பாக்கம் ரயில் நிலையத்தில் குழாய் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று இங்கே கைக்குழந்தைகளைத் தவிர எல்லோரும் சொல்வார்கள்.

முதலில் அங்கே ஒரு ரயில்வே கேட்டும் கேட்காரர் குடிசையும்தானாம். பால்காரர்கள் கெஞ்சிக் கேட்டதால் வண்டி நின்றதாம். அப்புறம் ஓட்டுக் கட்டடம் வந்தது. எமர்ஜென்சி வருஷத்தில் மின்சார ரயிலுக்காகப் பிளாட்பாரத்தை உயர்த்தினார்கள். மண் சுமக்க மலையிலிருந்து லாரியில் போன கூட்டத்தில் கோபால்சாமியும் மனைவி கெங்கம்மாளும் இருந்தார்கள். "கெழக்கு மூலைல பாதி, என் தலைல வந்த மண்ணு சார்" என்பார். "மீதி இன்னா, தானா நடந்து வந்து குந்திக்கிச்சா?" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து கெங்கம்மாள் கேட்பாள்.

இத்தனையும் தெரிந்த மனிதர் அந்த மின்சார ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. மலையில் லாரி ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மூட்டை, பிறகு பெண்டுபிள்ளைகள், பிறகு ஆண்கள். இருப்பதில் பெரியவர் யாரும் கீழே நின்றுவிடவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏறுவார். அதன்பிறகுதான் லாரி நகரும். கோபால்சாமி மின்சார ரயிலுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். ரயில் திருப்பிக் கொடுக்கவில்லை.

மகள் செல்லியம்மாள் வாழ்க்கைப்பட்ட இடம் கொன்றைப்பாக்கத்துக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி. முதல் பேரனுக்கு அரைஞாண் கட்டப் புறப்பட்டவர், பிளாட்பாரத்தில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டார். நடந்தே போயிருக்கலாமே என்று டீ குடித்துக்கொண்டே கேட்டேன். "ஸ்டேஷன் கட்ன மனுசன் ரோட்ல நடந்து போனா, பொண்ணு வூட்ல இன்னா நெனைப்பாங்கோ?" என்றார்.

இந்த வருஷம் இரண்டாவது பேரன். கெங்கம்மாள் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டாள். மகள் பஸ் கண்டக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினாள்: "இந்த தபாவும் அப்பா கையால கயிறு கட்டலைன்னா, இனிமே மலை வூட்ல காலெடுத்து வைக்க மாட்டேன்." அன்று முழுக்க அவர் மேசையில் ரயில் நிலையம் எழும்பவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. நானும் மதராஸ் போகவேண்டியிருந்ததால், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொன்றைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். கிழக்கு மூலைக்குப் போய்க் காலால் இரண்டு மிதி மிதித்தார். "அசையல பாருங்க." ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் எதிரே வந்திருந்தால், ஸ்டேஷனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவரையே இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்.

வண்டி வந்தது. நான் தாவி ஏறினேன். அவர் கேழ்வரகு மூட்டையை என் காலடியில் தள்ளிவிட்டு, வாசலை விட்டு ஓரமாக நின்றார். "ஏறுங்கம்மா, பாத்து. கூடைய மொதல்ல குடு." எல்லோரும் அவரை ரயில்வே ஆள் என்றே நினைத்து ஏறினார்கள்.

"ஏறுங்க கோபால்சாமி!" என்று கத்தினேன்.

"தோ வர்றேன் சார். அந்தம்மா ஓடியாருது பாருங்க."

மேம்பாலப் படியில் ஓடிவந்த பெண் ஏறிவிட்டாள். அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிக்கெட் ஜன்னலிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கோபால்சாமி மேம்பாலத்தைப் பார்த்தபடி நின்றார். அங்கே ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு வேட்டி மடிப்பில் பேரனுக்கான அரைஞாணை முடிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து இறுக்கிக்கொண்டார். கிழக்கு மூலையில், பாதி தன் தலையில் வந்த மண் சரிவில் இறங்கி, ரயிலுக்குப் பின்னாலேயே வேகமாக நடக்க ஆரம்பித்தார்.