திம்மராயனின் கன்னம்

பாகலூர் சாலையில் மைக்கேல்ராஜின் பட்டறைக்குள் வண்டியை விட்டு, "ஸ்டியரிங் ஒரு மாதிரி ஆடுதுங்க" என்று யாராவது சொன்னால், வண்டிக்கடியில் நின்று பார்க்க வெட்டிய பள்ளத்தில் இறங்குகிற ஆள் திம்மராயன்தான். மேலே ஒருவன் என்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுவான். கீழே நிற்கும் திம்மராயன், சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் நுனியில், டை ராடு எண்ட் என்கிற அந்த முட்டியில், இரண்டு விரலை வைப்பார். முட்டி தேய்ந்திருந்தால் விரலுக்கடியில் ஒரு துடிப்பு வரும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. "லெஃப்ட் போச்சு, மாத்து" என்பார். மாற்றினால் வண்டி சொன்னபடி கேட்கும். நாட்றாம்பாளையத்துக் கேழ்வரகுக் காட்டை விட்டுவிட்டு வந்து, லாரியில் கிளீனராகத் திரிந்தவருக்கு ஓசூரில் 'அண்ணா' என்ற மரியாதையை வாங்கிக் கொடுத்தவை அந்த இரண்டு விரல்கள்தான்.

அதை வைத்துக்கொண்டு அவர் மற்றவர்களைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. ஹரீஷ்குமார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முட்டியைத் தப்பாகச் சொல்லிவிட்டான். "மாடு மேய்க்கப் போயிருக்கலாமில்லடா நீ?" என்று வண்டிக்காரர் முன்னாலேயே கேட்டு, தேய்ந்த முட்டி ஒன்றைக் கயிற்றில் கோத்து அன்று முழுக்க அவன் கழுத்தில் தொங்கவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஹரீஷும் சிரித்தான்.

பிறகு திம்மராயனுக்குச் சர்க்கரை வந்தது. விரல்கள் மரத்துக்கொண்டே போயின. ஒருநாள் சூடான சைலன்சரில் கை வைத்தவர், தோல் கருகும் வாடை வந்த பிறகே எடுத்தார். எதிரில் ஹரீஷ் நின்றிருந்தான். அன்றிலிருந்து அவன் வாயில் 'அண்ணா' குறைந்தது; பெங்களூர்ப் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் 'குரு' வந்தது.

பள்ளத்து வேலை போனால் அடுத்து வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ்தான். இடுப்பில் ஈரச்சாக்கு, காலடியில் சேறு, கூப்பிட 'யோவ்'. அதற்குப் பயந்து திம்மராயன் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டிக்கடியில் யாரும் பார்க்காதபோது முட்டியின்மேல் கன்னத்தை வைத்தார். மேலே இருப்பவன் ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினால் தாடை போய்விடும். ஆனாலும் கன்னம் பொய் சொல்லவில்லை. மேலேறுமுன் கிரீஸைத் துடைத்துக்கொள்வார்.

ஹரீஷ் அதையும் பார்த்துவிட்டான்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு டாக்ஸிக்கு முன்பக்க முட்டிகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு முடுக்கினான். மறுநாள் காலை அதே வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தினான். திம்மராயனைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான்.

"சானமாவு ரோட்டுல குழியில வுட்டுட்டானாம் குரு. எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லு."

மைக்கேல்ராஜும் டீ கிளாஸோடு பள்ளத்தோரம் வந்து நின்றார். இத்தனை கால்களைப் பார்த்ததும் திம்மராயன் விரல்களைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். விரலை வைத்தார். ஒன்றுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இடதுபக்கம் கன்னத்தை வைத்தார். ஒன்றுமில்லை. வலதுபக்கம் வைத்தார். அங்கேயும் இல்லை. வண்டியில் பழுதில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கன்னமும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

"என்னா குரு, முத்தம் குடுத்து முடிச்சாச்சா?"

"லெஃப்ட்டு" என்றார் திம்மராயன். "சுத்தமா போச்சு. உடனே மாத்தணும்."

பட்டறை அதிரச் சிரித்தார்கள். "நேத்துதான்யா புது செட்டு போட்டேன்!" என்ற ஹரீஷ், கால்சட்டைப் பையிலிருந்து கயிறு கோத்த பழைய முட்டியை எடுத்தான். பள்ளத்திலிருந்து தலை வெளியே வந்ததும் கழுத்தில் மாட்டினான்.

மைக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. "கைய நீட்டு" என்றார். நீட்டிய விரல்களின்மேல் டீயை மெல்ல ஊற்றினார். திம்மராயன் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுதா?"

குனிந்து, ஆவியைப் பார்த்துவிட்டு, "சுடுதுங்க" என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

"இனிமே கீழ ஹரீஷ். நீ வண்டி கழுவு. ஆளில்லாதப்ப மேல உக்காந்து ஸ்டியரிங்க ஆட்டு. அதுக்கு விரலும் வேணாம், மூளையும் வேணாம்."

சில நாள் கழித்து ஸ்டியரிங் ஆட்ட ஆளில்லாமல் போனது. ஈரச்சாக்கோடு திம்மராயன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பள்ளத்திலிருந்து ஹரீஷின் குரல் வந்தது.

"லேசா ஆட்டு குரு, லேசா. ஆங்... வருது, வருது. இன்னொரு வாட்டி."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் கடைசிவரை போய் இடித்து நின்றது. கீழே ஹரீஷ் அலறினான். திரும்பிய சக்கரத்தின் இரும்புக்கும் அதைத் தடுக்கும் இரும்புக்கும் நடுவில் அவன் இரண்டு விரல்கள் இருந்தன.

மைக்கேல்ராஜ் ஓடிவந்து கதவைத் திறந்தார். "அவ்வளவு திருப்பினது தெரியலயாய்யா உனக்கு?"

திம்மராயன் இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"எப்படிங்க தெரியும்?"

டீ ஊற்றிப் பார்த்தவர் கதவை விட்டுவிட்டு ஹரீஷைத் தூக்கப் பள்ளத்துக்கு ஓடினார்.

ஸ்டியரிங்கை அவ்வளவு தூரம் இழுத்தவை தோள்கள். அவை மரத்துப்போயிருக்கவில்லை.