காய்ந்த கண்ணாடி

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் என் நண்பரும் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தோம். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் எழுத்தை நகர்த்திச் சரிசெய்யலாம், காயும்வரை காத்திருந்தால் போதும் என்பார் அவர். காத்திருப்பது எனக்கு ஆகாது. தண்ணீர் தெளிப்பது கை நடுங்குகிறவர்கள் வேலை என்று சொல்லிவிட்டு, காய்ந்த கண்ணாடியிலேயே ஒட்டுவேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற முதலாளி ஒருவர், ஆபீஸ் கண்ணாடிக் கதவில் பெயர் ஒட்டக் கூப்பிட்டார். துடைக்கத் துணி கேட்டேன். அன்று நெய்ததிலேயே ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

"நம்ம துணிக்கு என்ன கொறச்சல், இதுலயே துடைங்க."

அழுத்தித் துடைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் சிவப்பு எழுத்துகளை ஒட்டி முடித்தேன். ஒரு குமிழி இல்லை. ஆனால் வெயில் பட்டதும், அடியில் சிக்கிய நூல் பிசிறுகள் நரம்பு மாதிரிப் புடைத்துத் தெரிந்தன. தண்ணீர் தெளித்திருந்தால் அதோடு வழிந்து போயிருக்கும்.

முதலாளி கோபப்படவில்லை. எழுத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"எங்க துணி பிசிறு விடாதுன்னு ஊரெல்லாம் சொல்லித்தான் விக்கேன். விடும்னு நீங்க வாசல்லயே ஒட்டி வச்சிட்டியளே."