மாதா ஸ்டிக்கர்

இன்று ஓசூரில் என் காரின் துருவைச் சுரண்டிப் பட்டி பூசினார்கள். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியதும், ராயக்கோட்டை ரோட்டில் இப்போது மேம்பாலத் தூண்கள் நிற்கிற இடத்தில் என் சின்ன வயதில் இருந்த பொட்டலுக்கே போய்விட்டேன். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனைக்குப் போகிற வேன்களெல்லாம் அங்கேதான் நிற்கும். நாள் முழுக்கத் தகரம் தட்டுகிற சத்தமும், உப்புத்தாள் தேய்க்கிற சரக் சரக்கும், டீ கிளாசில்கூடப் படிந்துவிடுகிற சிவப்புத் துருத்தூளும்தான்.

கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும் எங்கள் வேனில், முன்கண்ணாடிக்குக் கீழே துரு ஓட்டையே போட்டிருந்தது. எஃப்.சி. கிடைக்காவிட்டால் வேன் ஓடாது, வீட்டில் அடுப்பும் எரியாது. தகரம் வெட்டி வெல்டிங் வைக்க வழியில்லாமல், அப்பா ஓட்டைக்குள் காகிதத்தைத் திணித்துப் பட்டி பூசினார். விடாத தூறலில் அது காயவே இல்லை.

"அது மேல மாதா ஸ்டிக்கர ஒட்டிடுங்க. சாமி படத்த யாரும் அழுத்திப் பாக்க மாட்டாங்க," என்றாள் அம்மா.

மறுநாள் வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எந்தச் சாமியைக் கண்டாலும் கும்பிடுகிறவர். மாதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை வைத்தார். இரண்டு விரலும் உள்ளே போய்விட்டன.

"இதுல ஜனங்கள ஏத்தாதீங்க," என்று மட்டும் சொன்னார், விரலைக் கைக்குட்டையில் துடைத்தபடி. எஃப்.சி. இல்லாமலே அப்பா வேனைக் கிளப்பினார்.

திரும்பும்போது மழை வலுத்து, ஓட்டை வழியே தண்ணீர் அம்மாவின் முழங்காலில் அடித்தது. இனி யாரும் ஏறப்போகாத அந்த வேனில், வீடு வரும்வரை அம்மா உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டே வந்தாள்.