அக்கா என்று கூப்பிட்ட பிறகு

மேடவாக்கத்தில் ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வருகிற எனக்கு, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வலது பக்கம் திரும்பினால் சிட்லபாக்கம், வீடு. வருடக்கணக்காகத் திரும்பிய திருப்பம்தான். போன வருடம் ஒரு சாயங்காலம் பச்சை விளக்கு விழுந்ததும் நான் திரும்பவில்லை. நேராகப் போனேன். கிழக்குத் தாம்பரத்தில் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில்கள் வந்தன, போயின. பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து "டிராஃபிக்" என்றேன். இந்த ஊரில் டிராஃபிக் என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

வாரத்தில் ஒரு நாள் என்று இருந்தது தினமும் என்றாகிவிட்டது. வீட்டில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கணவர் சாது. மகள் பத்தாவது படிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனாலும் சிக்னல் நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆக்ஸிலரேட்டரில் கை வழுக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து, வீட்டுக்கு வராமல், எதிரே வந்து நிற்கிற ஏதோ ஒரு ரயிலில் ஏறிப் போய்விடுவேனோ?

படபடப்பை மட்டும் குடும்ப டாக்டரிடம் சொன்னேன். தைராய்டு பார்த்தார், ஈசிஜி எடுத்தார், கேஸ் என்றார். நம் ஊரில் நெஞ்சுக்குள் எது நடந்தாலும் கடைசியில் அது கேஸ். மாத்திரை தீர்ந்தும் படபடப்பு தீராததால், "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்களேன்" என்றார். மனசு விட்டுப் பேசுவதற்கென்று படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு என்று எனக்கும் தெரியும். அதில் யார் மருந்து எழுதுகிறவர், யார் பேச வைக்கிறவர், யார் சும்மா போர்டு மாட்டியவர் என்பதுதான் தெரியாது.

முதலில் போனது அஸ்தினாபுரத்தில் போர்டு மாட்டியவரிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் "நான்" என்று எழுதினார். பாசிட்டிவாக யோசிக்கச் சொன்னார். சொந்த ஊர் எது என்று கேட்டு, அந்த ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். தெருவைக் கேட்கிறவருக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? வட்டத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தவர் சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தார். முறையாகப் படித்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், சாந்தமான முகம். முதல் நாள் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேங்க்கா" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, பழக்கதோஷத்தில் வந்தது. அவர் சிரித்தார், மறுக்கவில்லை. கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

அக்கா என்று ஆன பிறகு வெறுங்கையோடு எப்படிப் போவது? அடுத்த முறை பருப்புப் பொடி கொண்டுபோனேன். வாங்க மறுத்தார். நான் விடவில்லை, நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து ஒரு எண்ணெய் சொன்னேன். அவர் வீட்டுக் குழாய் ஒழுகியதற்கு எங்கள் பிளம்பரை அனுப்பினேன். "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று அவர் கேட்டால், "பரவாயில்லக்கா, நீங்க சொன்ன மாதிரி மூச்சுப் பயிற்சி பண்றேன்" என்பேன். அவர் முகம் மலரும். அந்த முகம் மலர வேண்டும் என்பதற்காகவே வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிக்கொண்டு வந்தேன். பேசி முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்து நேரே தாம்பரம் ஸ்டேஷன் போய் உட்காருவேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று ஒரு அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், "அப்படில்லாம் சொல்லக் கூடாதும்மா" என்பாள் அக்கா. அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பது இப்போது புரிகிறது. அவருக்கும் சேர்த்து நானே மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைக் கடைசியில் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு நாள் நான் கொண்டுபோன டப்பாவைத் திறக்காமல் என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"நீங்க என்னை சந்தோஷமா வெச்சுக்கறதுக்காக இங்க வர்றீங்கன்னு தோணுது. இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும்."

"ஐயோ, அப்படில்லாம் இல்லக்கா."

"பாருங்க, இப்பவும் அதைத்தான் பண்றீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சேலையூர்ல இருக்கார். அவர்கிட்ட போறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் அவர் தெருப் பக்கமே போகவில்லை, காய்கறிக் கடையைக்கூட மாற்றினேன். கோபம் தணிந்தபோது ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்காரும் நேரம் இன்னும் நீண்டிருந்தது. ஒரு நாள் செங்கல்பட்டு வண்டியின் கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துவிட்டேன். மறுநாளே சேலையூருக்கு போன் செய்தேன்.

அவர் சின்னப் பையனாகத் தெரிந்தார். முப்பது வயதுகூட இருக்காது, சட்டைக் கை மடிப்பு ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. உட்கார்ந்ததும் நான் கேட்டேன்: "சாப்பிட்டீங்களா தம்பி?"

"அதை இந்த ஒரு மணி நேரம் நீங்க யோசிக்க வேண்டாம்" என்றார் அவர். "தம்பியும் வேண்டாம். இங்க நீங்க யாரையும் பார்த்துக்க வேண்டியதில்ல."

என்ன திமிர் என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கலாமா என்றும் நினைத்தேன். அவர் பேசவில்லை. நம் வீடுகளில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தால் அது சண்டை. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அவருடைய ஜன்னல் திரையை நேராக்கிவிட்டு வந்தேன். அதற்கும் அவர் நன்றி சொல்லவில்லை. நான் செய்ததற்குப் பதிலாக ஒன்றும் வராதபோது, எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

"வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. "போகாம எங்க போறீங்க?"

"தாம்பரம் ஸ்டேஷன்."

"அங்க யாராவது வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்."

சொன்னதும் அழுகை வந்தது. அசிங்கமாக, மூக்கொழுக அழுதேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய நொடியிலிருந்து சார்ஜர் எங்கே, குழம்பில் உப்பு போட்டாயா, நாளைக்கு என்ன டிபன் என்று எல்லாவற்றுக்கும் பதிலாக நான் இருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் முந்திக்கொண்டு போய் நிற்கிறேன். அந்தப் பெஞ்சில் மட்டும்தான் நான் யாருக்கும் எதுவும் இல்லை. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மாதங்கள் ஆயின. நடுவில் படபடப்புக்கு மருந்து தேவையா என்று பார்க்க மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினார். சில வாரம் எரிச்சலோடு வந்தேன், சில வாரம் வராமல் ஏமாற்றினேன். அவரைக் கூப்பிட இன்றுவரை எனக்கு ஒரு உறவுமுறை கிடைக்கவில்லை. அதனால்தான் அவரிடம் எதையும் சொல்ல முடிகிறது.

ஸ்டேஷனுக்குப் போவது முழுசாக நிற்கவில்லை, குறைந்தது. வீட்டில் ஒளித்துவைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று எனக்கே தோன்றியது. கணவரிடம் முதலில் சொல்வதாக இருந்தேன். அவர் அன்றைக்கு ஆபீஸ் காலில் இருந்தார். மகள் சமையலறை மேடையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவரிடம் சொல்ல வைத்திருந்தது அவளிடமே வாயில் வந்துவிட்டது.

"சாயங்காலம் லேட்டாகுதே, அது டிராஃபிக் இல்லடா. அம்மா சில நாள் தாம்பரம் ஸ்டேஷன்ல போய் சும்மா உட்கார்ந்துட்டு வரேன்."

அவள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"போன மழையில தண்ணி நின்னப்ப உன் லொகேஷனை என் போன்ல போட்டேன்ல, அதை எடுக்கவே இல்ல. நீ சிக்னல்ல திரும்பாம நேரா போறது தெரியும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

தலையாட்டினாள், இல்லை என்று. பிறகு என்னைப் பார்க்காமல், கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஸ்டேஷன்லயே அந்தப் புள்ளி நிக்கும். அது திரும்பி நகர்ற வரைக்கும் பார்த்துட்டே இருப்பேன். தண்டவாளம் மேல போயிடுமோன்னு பயமா இருக்கும். நகர்ந்தப்புறம்தான் புக்கையே எடுப்பேன்."

அந்த வருடம் அவளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. கவனம் இல்லை என்று திட்டி, நான் இரண்டு முறை டியூஷன் மாற்றியிருந்தேன்.