நுங்குக்கு மூன்று கண்

குழந்தைகளை விளையாட வைப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரு மழைநாளில் எங்கள் பின்கட்டைக் கழுவிவிட வந்தால் போதும். உழவர்கரையில் வீட்டின் கீழ்ப்பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு நடத்துகிறேன். கைவிரல், கால், கண், தோல் எல்லாம் உலகத்தோடு பழக வேண்டும் என்பதுதான் பாடம். அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதுதான் விளையாட்டுச் சாமான். உங்கள் வீட்டுச் சுவரிலும் சேற்றுக் கை பதிந்திருந்தால் நீங்களும் என் கட்சி.

ஐப்பசிச் சேறு

தாரிகாவுக்கு நாலு வயது. ஈரமானது, ஒட்டுவது எதுவும் கையில் படக் கூடாது. அவள் அம்மா செல்வி, கதிர்காமத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், சேர்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்: "ஜூன்ல ஸ்கூல் சார். அங்க ஊட்டி விட ஆள் கிடையாதாம். இவ ஒரு பருக்கை ஒட்டுனாலே கத்துறா. ஸ்பூன் குடுத்தாலும் சொட்டிடும்னு கைய இழுத்துக்குறா."

மழை விட்டதும் மற்ற பிள்ளைகள் சேற்றில் இறங்கி இட்லி தட்டினார்கள். தாரிகா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படியிலேயே நின்றாள். சேறு ஒன்றும் பண்ணாது, இறங்கு என்று நான் நெடுநேரம் எடுத்துச் சொன்னேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ நீங்க மட்டும் ஏன் செருப்பு போட்டிருக்கீங்க?"

மார்கழி மாவு

செருப்பைக் கழற்றிவிட்டேன். அதற்குள் மழைக்காலமும் போய்விட்டது. மார்கழியில் கோலமாவு எடுத்தோம். மாவைக் கிள்ளிக் கோடு இழுக்கும் விரல்களுக்குப் பின்னாளில் பென்சில் பிடிப்பது சுலபம். மாவு காய்ந்ததுதானே, தாரிகாவும் உட்கார்ந்தாள். ஒரு புள்ளி வைத்தாள், பாவாடையில் கையைத் துடைத்தாள். அடுத்த புள்ளி, மறுபடி துடைத்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். இது முன்னேற்றமா, அல்லது முன்னேற்றம் என்று நினைக்க எனக்குத்தான் ஆசையா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

என்னோடு வகுப்பு நடத்தும் பிலோமினாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கேலி வந்தால் அவர் என்னை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, 'முசே' என்பார்.

"முசே, அவ கோலம் போடல. கை துடைக்கிற வேலைக்கு நடுவுல புள்ளி வைக்கிறா."

மாசி மணல்

கடல்மணலைச் சலித்துத் தொட்டியில் நிரப்பினேன். காய்ந்திருந்தவரை தாரிகா கரண்டியால் அள்ளினாள். ஒரு பையன் தண்ணீர் ஊற்றியதும் எழுந்து சுவரோரம் போய்விட்டாள். ஈரம்தான் அவளுக்குச் சிக்கல், அது எனக்கு ஐப்பசியிலேயே தெரியும். அப்படியிருக்க நான் ஏன் ஈரமில்லாத விளையாட்டாகவே தேடுகிறேன்? அவள் பயப்படுகிறாளா, நான் பயப்படுகிறேனா? ஜூன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்றிய பையனின் அப்பா கடலுக்குப் போகிறவர். பிள்ளையை அழைக்க வந்தவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வூட்டுல மணல வெளிய தள்ளவே தனியா ஒரு ஆள் வேணும். நீங்க அத சலிச்சு உள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்க."

சித்திரை நுங்கு

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நுங்கு குவிந்திருந்தது. குச்சியில் கோத்துப் பிள்ளைகள் வண்டி உருட்ட எனக்குச் சுளை போன வெறும் கூடுதான் வேண்டும். "தின்னாத்தான் சார் கூடு" என்றார் கடைக்காரர். மேலே சீவிய நுங்காகவே வாங்கி வந்தேன். பிலோமினா சுளையைத் தோண்டிக் கிண்ணத்தில் தருவார், கூட்டில் நான் குச்சி செருகுவேன் என்று திட்டம்.

முதல் கிண்ணம் நிறைவதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு நுங்கைத் தூக்கிக்கொண்டார்கள். தாரிகா தன்னுடையதை மடியில் வைத்து, அதன் மூன்று கண்களையும் உற்றுப் பார்த்தாள். "இது யாரப் பாக்குது?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பிள்ளை செய்வதைப் பார்த்து, ஒரு கண்ணில் கட்டைவிரலை அழுத்தினாள். நீர் முகத்தில் பீச்சியடித்தது.

பிலோமினா துண்டை எடுத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். அவள் அழுதால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று தெரிந்தும் ஏன் தடுத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. தாரிகா உதட்டில் வழிந்ததை நக்கினாள். விரலைப் பார்த்தாள். அதையும் நக்கினாள். பிறகு நுங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தக் கண்ணு தூங்கிடுச்சு. அடுத்தது."

ஜூன்

பள்ளி திறந்து சில நாள் நான் போன் செய்யவில்லை. நுங்கு வேறு, சோறு வேறு. செல்வி என்ன சொல்வாரோ என்ற தயக்கம். கடைசியில் அவரே வாசலில் வந்து நின்றார். சிரிப்பதா வேண்டாமா என்பதுபோல ஒரு முகம்.

"டப்பாவ காலி பண்ணிட்டுத்தான் வர்றா சார், கையாலதான் சாப்புடுறா. ஆனா இட்லின்னா கட்டைவெரலால மூணு கண்ணு குத்திட்டுத்தான் தின்றா. இப்போ கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் அப்படியே குத்துதுங்கன்னு டீச்சர் என்னைக் கூப்புட்டுக் கேக்குறாங்க."

சேறு, மாவு, மணல் என்று பருவத்துக்குப் பருவம் திட்டம் போட்ட நான், அடுத்த கோடைக்கு இதுவரை முடிவு செய்திருப்பது கிண்ணம் வாங்க வேண்டாம் என்பதை மட்டும்தான்.